மகளைப் பார்க்க ஒரு மனு

நவம்பர் 3, 2025, திங்கள்

மனைவியோடு நடக்கும் வழக்கில், மாதம் இரண்டு ஞாயிறு மகளைப் பார்க்கலாம் என்பது இடைக்கால உத்தரவு. போன மாதம் இரண்டு ஞாயிறும் பார்க்க முடியாமல் போயிற்று. குடும்பநல நீதிமன்ற அலுவலகத்துக்கு போன் போட்டேன். மூன்றாம் முறை எடுத்தார்கள். "ஜட்ஜ் அய்யாகிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். "கேஸ் நம்பர் சொல்லுங்க" என்றார்கள். என்னிடம் இல்லை. பழைய நோட்டீஸைத் தேடி ஓ.பி. எண்ணை, அதாவது மூல மனுவின் எண்ணைச் சொன்னதும் அடுத்த வாய்தா 24ஆம் தேதி என்று தெரிந்தது. இ-கோர்ட்ஸ் செயலியில் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள 16 எழுத்து சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் இதை நானே பார்த்திருக்கலாம்.

நவம்பர் 5, புதன்

நீதிபதிக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதி எடுத்துப் போனேன். கோர்ட் நடக்கும்போது பெஞ்ச் கிளார்க்கிடம் (நீதிபதிக்கு முன்னால் உட்கார்ந்து வழக்குக் கட்டுகளைக் கவனிக்கும் ஊழியர்) போகாதீர்கள். மதிய இடைவேளையில் நின்று கேட்பார்கள். அந்த அம்மா கடிதத்தைக் கையில்கூட வாங்கவில்லை.

"அய்யா இதைப் படிக்கக் கூடாது சார். எதிர்த்தரப்புக்குத் தெரியாம எதுவும் அவர் மேசைக்குப் போகக் கூடாது. நாளைக்கு அவங்க இப்படி ஒண்ணு கொண்டு வந்தா ஒத்துக்குவீங்களா?"

பதில் சொல்ல முடியவில்லை. மனுவாக, பிரமாண வாக்குமூலத்தோடு, எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நகல் கொடுத்துக் கையெழுத்து வாங்கித் தாக்கல் செய்யச் சொன்னார். மனுவில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "அதை நான் சொல்லக் கூடாது. வளாகத்துலயே சட்ட உதவி மையம் இருக்கு, கேளுங்க." பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் அங்கே இலவச வக்கீல் உண்டு. எனக்கு வரம்பு தாண்டிவிட்டது. ஆனாலும் உட்காரவைத்து விளக்கினார்கள். 1984 குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி இங்கே வக்கீல் வைப்பது நம் உரிமையே இல்லை, நீதிமன்றம் அனுமதித்தால்தான். அதனால் நானே நிற்பதில் தப்பில்லை என்றார்கள். தைரியம் வந்தது.

நவம்பர் 7, வெள்ளி

நான்கு பக்கம் ஒன்றரைப் பக்கமானது. மனைவி வீட்டார் பேசியது, நான் பட்டது எல்லாவற்றையும் அடித்தேன். அடிக்கும்போது வலித்தது. மிஞ்சியது: உத்தரவின் தேதி, தவறிப்போன இரண்டு ஞாயிறு, அரையாண்டு விடுமுறையில் எனக்கு வேண்டிய நாட்கள்.

நவம்பர் 12, புதன்

மனு ரிட்டர்ன். பக்க எண் இல்லை, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் குறைவு. சரிசெய்து அன்றே திருப்பிக் கொடுத்தேன்.

நவம்பர் 24, திங்கள்

பத்து மணிக்கே போய்விட்டேன். கோர்ட் வாசலில் நிற்கும் டவாலி மூன்று முறை பெயர் கூப்பிடுவார்; நாம் டீக்கடையில் இருந்தால் ஆஜராகவில்லை என்று மனு தள்ளுபடி ஆகலாம். செல்போனை அணைத்துவிட்டு வராண்டாவை விட்டு நகரவே இல்லை.

பத்து நிமிடம் பேச மனப்பாடம் செய்திருந்தேன். உள்ளே இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் பதிலுரைக்கு அவகாசம் கேட்டார். "குழந்தை ரெண்டு தடவை வரலைங்கிறாரே?" என்று நீதிபதி அவரிடம் கேட்டார். என் ஒன்றரைப் பக்கத்தைப் படித்திருக்கிறார்! மனைவி பக்கம் திரும்பிப் பேசத் துடித்தது வாய். நீதிபதியைப் பார்த்து மட்டும்தான் பேச வேண்டும். "சரிங்க அய்யா" என்றேன். கவுன்சிலிங், வாய்தா டிசம்பர் 8. வெளியே வருமுன் பெஞ்ச் கிளார்க்கிடம் தேதியை இன்னொரு முறை கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

டிசம்பர் 8, திங்கள்

கவுன்சிலர் அறையில் ஒரு மணி நேரம். குழந்தைக்கு அந்த மாதம் காய்ச்சல் என்றாள் மனைவி, எனக்குத் தெரியாது. இருவரும் கையெழுத்திட்ட மெமோ உள்ளே போனது, அப்படியே உத்தரவானது: டிசம்பர் 27, 28, காலை 10 முதல் மாலை 5 வரை. உத்தரவின் நகல் கேட்டு மனு போட்டுவிட்டேன்.

மகளுடைய சின்ன சைக்கிளுக்குக் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன்.