காட்டம் குறைந்த சுருட்டு எது?

முதன்முதலாகச் சுருட்டு வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். வெளிறிய பழுப்பு என்றால் மைல்டு, கறுத்திருந்தால் காட்டம் என்று ஒரு கணக்கு. சில சமயம் அந்தக் கணக்கு பலிக்கும். பலிக்காத அன்று தலை சுற்றும், குமட்டும், நெற்றியில் சில்லென்று வியர்க்கும். கண்ணுக்குத் தெரியும் நிறம் மேலே சுற்றியிருக்கும் ஒற்றை இலையுடையது. காட்டம் பெரும்பாலும் உள்ளே இருக்கிறது.

கையால் உருட்டிய சுருட்டில் மூன்று அடுக்கு உண்டு. நடுவில் ஃபில்லர் எனும் உள் இலைகள், அவற்றைக் கட்டிப்பிடிக்கும் பைண்டர், எல்லாவற்றுக்கும் மேல் ரேப்பர். உள்ளே போகும் இலை செடியில் எந்த உயரத்தில் இருந்தது என்பதே காட்டத்தைத் தீர்மானிக்கிறது. அடியில் இருக்கும் வொலாடோ நன்றாக எரியும், காரம் குறைவு. நடுவில் இருக்கும் செகோ மணம் தரும். உச்சியில் வெயிலை முழுக்க வாங்கித் தடித்து, எண்ணெய்ப் பிசுக்கோடு இருப்பது லிகேரோ. நிகோடின் அதிகம் இதில்தான். மெதுவாக எரிவதால் இதைச் சுருட்டின் நட்டநடுவில் வைத்து உருட்டுவார்கள். ஆகவே கடையில் "இது மைல்டா?" என்று கேட்பதைவிட "இதில் லிகேரோ எவ்வளவு இருக்கும்?" என்று கேளுங்கள். தொழில் தெரிந்த விற்பனையாளர் உடனே பதில் சொல்வார். பெட்டியில் அச்சிட்டிருக்கும் மைல்டு, மீடியம், ஃபுல் என்ற அளவுகோலுக்குப் பொதுவான தரக்கட்டுப்பாடு எதுவும் கிடையாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் மற்ற சுருட்டுகளோடு ஒப்பிட்டுப் போட்டுக்கொள்வது அது.

இன்னொரு குழப்பமும் உண்டு. காட்டம் வேறு, சுவை வேறு. காட்டம் என்பது நிகோடின் உடம்பில் செய்யும் வேலை; சுவை நாக்கும் மூக்கும் உணர்வது. மடூரோ எனும் கரும்பழுப்பு ரேப்பர் நீண்ட நாள், கூடுதல் வெப்பத்தில் புளிக்க வைக்கப்பட்டது. அதனால் அதில் சாக்லேட், காப்பி போன்ற அழுத்தமான சுவையும் லேசான இனிப்பும் வரும். உள்ளே இளங்காட்டமான இலைகள் இருந்தால் கறுத்த மடூரோவும் மென்மையாகவே போகும். மாறாக, வெளிறிய ரேப்பருக்குள் லிகேரோவை அடைத்திருந்தால் பாதிச் சுருட்டுக்குள் உட்கார வைத்துவிடும்.

வெளிறிய ரேப்பர்களில் பெயர் பெற்றது கனெக்டிகட் ஷேட். அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் துணிப்பந்தலின் நிழலில் வளர்ப்பார்கள். வெயில் வடிகட்டி விழுவதால் இலை மெல்லியதாக, நரம்பு தடிக்காமல், இழுத்தால் நெகிழ்கிற மாதிரி இருக்கும். ஈக்வடாரில் இதே விதைவழியைப் பயிரிடும் இடங்களில் மேகமூட்டமே பந்தல் வேலையைச் செய்துவிடுகிறது. இந்த ரேப்பரோடு டொமினிகன் குடியரசின் உள் இலைகள் சேர்ந்தால் தேவதாரு மரம், வறுத்த பருப்பு, பாலாடை என்ற வரிசையில் சுவை வரும். தொடங்குகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வோம். மக்கனூடோ கஃபே, ஆஷ்டன் கிளாசிக் என்ற இரண்டு பிராண்டுகளும் இந்த வகை. மான்டெக்ரிஸ்டோ ஒயிட் அடுத்த படி. ஒலிவா கனெக்டிகட் ரிசர்வ் உள்ளே நிகராகுவா இலைகளைக் கொண்டது. மென்மைக்கும் நடுத்தரத்துக்கும் இடையில் நிற்கும், மிளகு நெடி கொஞ்சம் தெரியும். கியூபாவில் ஹோயோ டி மான்டெர்ரே இலேசான பக்கம். பொலிவார், பர்த்தகாஸ் இரண்டும் காட்டமானவை, பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அளவைப் பற்றி ஒரு தவறான ஆலோசனை சுற்றுகிறது: "முதலில் மெல்லியதாக, சின்னதாக எடு." சுருட்டின் பருமனை ரிங் கேஜ் என்பார்கள்; 64 என்றால் ஓர் அங்குல விட்டம். 50 ரிங் ஏறக்குறைய 20 மி.மீ., 42 ரிங் ஏறக்குறைய 17 மி.மீ. 30 ரிங் சுருட்டு நேரத்தில் குறைவுதான். ஆனால் புகை ஆற இடமில்லாமல் சூடாக வாய்க்கு வரும். பழகாத கை வேகமாக இழுக்கும்போது கசந்துவிடும். 42 முதல் 46 ரிங், ஐந்தங்குல நீளம் வசதியானது. நிதானமாக இழுத்தால் முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். 5 அங்குலம், 50 ரிங் கொண்ட ரொபஸ்டோ குளிர்ச்சியாக எரியும், ஆனால் புகையிலை அதிகம். அதை எடுத்தால் பாதியில் வைத்துவிடலாம் என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். நுனியில் இனிப்புத் தடவிய, வாசனை ஏற்றிய சுருட்டுகளை மைல்டு என்று எண்ண வேண்டாம். இனிப்பு நிகோடினைக் குறைப்பதில்லை.

மென்மை என்ற சொல் ஆபத்தையும் குறைத்துக் காட்டிவிடும் என்பதால் இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். சிகரெட்டில் ஒரு கிராமுக்கும் குறைவான புகையிலை. பெரிய சுருட்டில் 5 முதல் 17 கிராம் வரை இருக்கும். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. மைல்டு சுருட்டு இதிலிருந்து யாரையும் காப்பாற்றாது. புகைப் பழக்கமே இல்லாதவர் இதைத் தொடங்காமல் இருப்பதுதான் நல்லது.

சிகரெட் பிடிப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை: பழக்கதோஷத்தில் புகையை நெஞ்சுக்குள் இழுத்துவிடுவீர்கள். சுருட்டுப் புகை காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான அல்கலைன் தன்மை) உடையது. அதனால் நிகோடின் வாயின் உட்சவ்வு வழியாகவே இரத்தத்தில் கலந்துவிடும். வாயில் சில நொடி வைத்து வெளியே விட்டால் போதும்.

இனி, மென்மையான சுருட்டையும் காட்டமாக்கிவிடும் தவறுகள். முதலாவது, வெறும் வயிறு. நன்றாகச் சாப்பிட்டு அரை மணி கழித்துப் பற்ற வையுங்கள், பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். இரண்டாவது, வெட்டு. மூடிய நுனியில் தொப்பி போல் ஓர் இலைத்துண்டு ஒட்டியிருக்கும். அது வளைந்து நேராகும் கோட்டுக்கு மேலேயே, ஏறக்குறைய 2 மி.மீ. மட்டும் வெட்ட வேண்டும். கீழே போனால் ரேப்பர் அவிழ்ந்துகொண்டே வரும். ஷேட் இலை மெல்லியது, இன்னும் சீக்கிரம் அவிழும். மூன்றாவது, நெருப்பு. பெட்ரோல் லைட்டரும் மெழுகுவர்த்தியும் தங்கள் வாடையை ஏற்றிவிடும். பியூட்டேன் லைட்டரோ நீளமான தீக்குச்சியோ சரி. சுடர் இலையைத் தொடாமல், அதன் நுனிக்குச் சற்று மேலே சுருட்டைப் பிடித்துச் சுழற்றி, விளிம்பு முழுக்கக் கனன்ற பிறகு இழுக்கத் தொடங்குங்கள்.

அதற்குப் பிறகு எல்லாமே வேகத்தைப் பொறுத்தது. நிமிடத்துக்கு ஓர் இழுப்பு. அணைந்துவிடுமோ என்ற பயத்தில் அடுத்தடுத்து இழுக்கும்போது கங்கின் சூடு ஏறி, மணம் கருகி, நாக்கில் கசப்பும் சுரீர் என்ற எரிச்சலும் மிஞ்சும். மைல்டு என்று வாங்கியது காட்டமாக இருந்ததாகச் சொல்பவர்களில் பலரிடம் தவறு இங்கேதான் இருக்கும். அணைந்தால் அணையட்டும். சாம்பலைத் தட்டிவிட்டு, உள்ளே தேங்கிய புகையை ஒருமுறை ஊதி வெளியேற்றிவிட்டு மறுபடி பற்றவைக்கலாம். ஒரு பக்கம் மட்டும் வேகமாக எரிந்து ஓடினால் பின்தங்கிய பக்கத்தில் சுடரை லேசாகக் காட்டினால் சரியாகிவிடும்.

எரிய எரிய தாரும் நிகோடினும் வாய்ப் பக்கத்து இலைகளில் படிந்துகொண்டே வரும். கடைசி மூன்றில் ஒரு பங்கு காட்டமாவது அதனால்தான். முதல் சில சுருட்டுகளைப் பாதியில் விடுங்கள். நசுக்காமல் சாம்பல் கிண்ணத்தில் வைத்தால் தானே அணையும். நசுக்கினால் நாற்றம் கூடும். உமிழ்நீர் ஊறி வயிறு புரட்டத் தொடங்கினால் அப்போதே கீழே வைத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். வாந்தியோ படபடப்போ அடங்கவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும்.

வாங்கும்போது பெட்டியாக வேண்டாம். ஒரே வகையில் இரண்டு போதும், ஒன்று சரியில்லாமல் போனால் இன்னொன்றை வைத்துத் தீர்ப்புச் சொல்லலாம். விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள்: அழுத்தினால் சற்று இணங்கி மீள வேண்டும். நொறுங்கும் சத்தம் வந்தால் காய்ந்துவிட்டது, சூடாக எரியும். கல்லாக இருந்தால் புகை வராது, பலமாக இழுத்துச் சூடேற்றுவீர்கள். வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் ஈரப்பதத்தை 65 சதவீதத்தில் வைத்திருக்கும் சிறு பொதி ஒன்று போட்டு, 20 டிகிரி செல்சியஸை ஒட்டி வையுங்கள். ஃபிரிஜ் வேண்டாம், காய வைத்துவிடும். 70 சதவீதத்தைத் தாண்டினால் உள் இலைகள் உப்பும், மெல்லிய ஷேட் ரேப்பர்தான் முதலில் வெடிக்கும்.