வரவில்லை என்று சொன்னேன்

"மெயில் வந்துச்சுங்களா தம்பி?"

"வரலீங்கண்ணா. இன்னொரு தடவை அனுப்பிப் பாருங்க."

அன்றைக்கு மூன்று முறை இதே பேச்சு. கம்பெனியில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்பவன் நான். பேசியவர் ஒரு சப்ளையர். அட்டைப்பெட்டிக்கான கொட்டேஷன், மாலை 5 மணிதான் கெடு. பர்ச்சேஸ் இன்பாக்ஸைத் திறந்து பார்த்தேன், இல்லை. இல்லை என்று சொன்னேன்.

அடுத்த வாரம் வேறு எதையோ தேடி, சந்தேக மெயில்களை ஃபில்டர் ஒதுக்கி வைக்கும் க்வாரன்டீனைத் திறந்தால், மூன்றும் அங்கே கிடக்கின்றன. 11.42, 12.10, 12.31. ஆர்டர் அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டது.

சப்ஜெக்ட் முழுக்கப் பெரிய எழுத்து. உள்ளே ஒரு வரிகூட இல்லை. லெட்டர்ஹெட்டில் விலை எழுதி, கையெழுத்துப் போட்டு, சற்றுச் சாய்ந்த ரப்பர் ஸ்டாம்புடன் ஸ்கேன் செய்து அப்படியே ஒட்டியிருந்தார். எழுத்தைப் படத்துக்குள் ஒளித்து அனுப்புவது ஸ்பேம்காரர்களின் பழைய வழி. ஃபில்டர் அதற்கு மதிப்பெண் போட்டது. ஒரு டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு அனுமதி என்று சொல்வது எஸ்பிஎஃப் பதிவு. அவருடைய டொமைனின் பதிவில் அவர் அனுப்பும் சர்வரே இல்லை, அதற்கும் போட்டது. மொத்தம் 4.3.

எங்கள் ஃபில்டரான ஸ்பேம்அசாசினில் வழக்கமான எல்லை 5; அதைத் தொட்டால் ஸ்பேம் என்று கணக்கு. அதை 4 ஆகக் குறைத்தவன் நான். காரணம் இருந்தது. சப்ளையர் பெயரில் 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று போலி மெயில் வந்து, அக்கவுன்ட்ஸில் பணம் அனுப்பக் கைவைத்த நேரத்தில் தடுத்தோம். அதற்குப் பிறகு யாராக இருந்தாலும் இறுக்கித்தான் இருப்பார்கள். இன்றைக்கும் அது தப்பு என்று தோன்றவில்லை.

ஆனால் சர்வர் செய்ததெல்லாம் பதிவாகும் லாக்கைப் பார்த்தபோதுதான் மனம் கெட்டது. மூன்று முறையும் எங்கள் சர்வர் அவர் சர்வருக்கு 250 என்று பதில் சொல்லியிருக்கிறது. பெற்றுக்கொண்டேன் என்று அர்த்தம். வாங்கி வைத்துக்கொண்டுதான் வரவில்லை என்று வாயால் சொல்லியிருக்கிறேன். வாசலிலேயே மறுத்திருந்தால் அவருக்குத் திரும்பிப் போயிருக்கும், பையனை அனுப்பிக் காகிதத்தையாவது கொடுத்திருப்பார். எடுத்து ஓரமாக வைத்ததில் அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

க்வாரன்டீனைப் பார்க்க 2 நிமிடம் போதும். அன்றைக்கு ஏன் பார்க்கவில்லை? வேலை நெருக்கடி என்று சொல்லலாம். உண்மையில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. சின்னக் கம்பெனி, மெயில் அனுப்பத் தெரியவில்லை என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். அவர் விலை குறைவா, கூடவா என்று இன்றுவரை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருக்கிறது.

பர்ச்சேஸ் மேனேஜரிடம் சொன்னேன். "முடிஞ்சது முடிஞ்சு போச்சு, விடுங்க" என்றார். எல்லையை 5-க்கு ஏற்றினேன். இரண்டே மாதத்தில் இன்னொரு போலி இன்வாய்ஸ் உள்ளே வந்தது. திரும்பவும் 4. இப்போது தினமும் காலையில் க்வாரன்டீனை நானே ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். லீவு போட்ட நாளில் யார் பார்ப்பார்கள்?

போன மாதம் ஒரு பழைய பில் விஷயமாக அவர் பேசினார். வைப்பதற்கு முன் கேட்டார்: "இப்ப மெயிலெல்லாம் வருதுங்களா தம்பி? அன்னைக்கு எங்க பக்கந்தான் ஏதோ கோளாறாட்ட இருக்குது."

"வருதுங்கண்ணா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.