காயடிக்காமலே குடலிறக்கத்தை அடைத்தோம்

கொருக்குப்பேட்டையில் எங்கள் லாயத்தில் மூன்று குதிரைகள். பொலிக்கு நிற்பது துரை மட்டும்தான். மார்வாரி இனம், ஏழு வயசு. காது இரண்டும் உள்பக்கமாக வளைந்து நுனியோடு நுனி தொடும்.

போன வருஷம் ஒரு பெட்டையோடு சேர்த்துவிட்டு லாயத்தில் கட்டிய கொஞ்ச நேரத்தில், துரை புல்லை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்த்தான், முன்காலால் தரையைப் பறித்தான். பெருங்காயம் கரைத்து ஊற்று என்றார்கள். எனக்கு அப்பாவின் ஜட்கா குதிரை ஞாபகம் வந்துவிட்டது. அதுவும் காயடிக்காத ஆண்தான். இதே மாதிரி ராத்திரி முழுக்கப் புரண்டு, விடியும்போது போய்விட்டது. அன்றைக்கு அதன் பின்னங்கால் நடுவில் யாருமே கை வைத்துப் பார்க்கவில்லை.

நான் வைத்தேன். விதைப்பையின் இடது பக்கம் வீங்கி, கெட்டியாக, ஜில்லென்று இருந்தது. வலது பக்கம் எப்போதும் போல வெதுவெதுப்பு.

டாக்டர் வந்தபோது இதயத் துடிப்பு நிமிஷத்துக்கு 68. சும்மா நிற்கிற குதிரைக்கு 28 முதல் 44 வரைதான் இருக்கணும். ஆசனவாய் வழியாகக் கையை விட்டுப் பார்த்தவர், விரை இறங்குகிற வளையத்துக்குள் சிறுகுடல் நழுவி மாட்டிக்கொண்டது, இதுதான் குடலிறக்கம் என்றார். சீக்கிரம் பிடித்துவிட்டதால் மயக்க ஊசி போட்டு, உள்ளிருந்து ஒரு கை இழுக்க, வெளியிலிருந்து இன்னொருவர் அமுக்கிவிட, குடல் மேலே ஏறியது. தாமதமாகியிருந்தால் ரத்த ஓட்டம் நின்று குடல் அழுகியிருக்கும்.

ஆனால் வளையம் அகலமாகவே இருக்கிறது, மறுபடி இறங்கலாம் என்றார். ஆளாளுக்கு அந்தப் பக்கத்து விரையை எடுத்துவிடு என்றார்கள். என் மனசு ஒப்பவில்லை. அப்போதுதான் லேப்ராஸ்கோப்பி, அதாவது சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்கிற ஆபரேஷன் பற்றிச் சொன்னார்கள். வளையத்தை வலை வைத்து அடைக்கலாம், பசை போடலாம், முள் உள்ள நூலால் தைக்கலாம். எதைச் செய்தாலும் விரை அதன் இடத்திலேயே இருக்கும். எங்களுக்குத் தையல் என்று முடிவானது. செலவுக்கு ஒரு வண்டியை விற்றேன், அதில் வருத்தமில்லை.

ஆபரேஷனுக்குக் கிளம்புகிற அன்று ரயில்வே கேட்டில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வேன் மாட்டிக்கொண்டது. சரக்கு ரயில் போய் முடிகிறவரை துரையின் தாடையைத் தடவிக்கொண்டே நின்றேன். ஒன்றரை நாளாகத் தீனி இல்லை. குடல் காலியாக இருந்தால்தான் கேமராவுக்கு வளையம் தெரியும்.

படுக்க வைக்கவில்லை. நின்றபடியே ஆபரேஷன். மயக்கம் தெளிந்து எழுந்திருக்கும்போது காலை முறித்துக்கொள்கிற குதிரைகள் உண்டு என்பதால் எனக்கு அதுவே பெரிய நிம்மதி. கம்பிச் சட்டத்துக்குள் நிறுத்தி, அசத்துகிற ஊசி போட்டு, தலையைத் தாங்கலில் சாய்த்தார்கள். விலாவுக்குப் பின்னால் மயிரைச் சிரைத்து, மரத்துப்போக ஊசி குத்தி, மூன்று சின்னத் துளைகள். வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு ஏற்றினார்கள்.

திரையில் பார்த்தேன். பளபளவென்ற சவ்வில் ஒரு பிளவு. அதன் வழியாக ரத்தக் குழாய்களும் விந்துக் குழாயும் கீழே இறங்குகின்றன. டாக்டர் அந்தக் குழாய்களுக்கு மட்டும் இடம் விட்டு மீதியைத் தைத்தார். இறுக்கித் தைத்தால் ரத்தம் திரும்ப வழியில்லாமல் விரை வீங்கிவிடுமாம். வலது பக்க வளையமும் அகலம்தான் என்று அதையும் அதே மாதிரி தைத்தார்.

மறுநாள் துளையைச் சுற்றித் தோலை அமுக்கினால் நொறுநொறுவென்றது. பதறிப்போய்க் கேட்டேன். தோலுக்கடியில் தங்கிய வாயு, தானாகக் கரைந்துவிடும் என்றார்கள். சில நாளில் கரைந்தது. தீனி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினோம். இரண்டு வாரம் லாயத்தை விட்டு வெளியே விடவில்லை. பிறகு கயிற்றைப் பிடித்து மெதுவாக நடை. இரண்டு மாசத்துக்குப் பெட்டை வாசனையே படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அதுதான் இருப்பதிலேயே கஷ்டம். துரை கதவை உதைத்துத் தள்ளினான்.

ஆண் குதிரை வைத்திருக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வயிற்றுவலி என்று நின்றால் வாயில் எதையும் ஊற்றுவதற்கு முன் கீழே கை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் வீங்கியோ சில்லிட்டோ இருந்தால் அந்த நிமிஷமே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

தை மாசம் துரையை மறுபடி சேர்த்தோம். பெட்டை சினைப்பட்டிருக்கிறது. சினைக்காலம் பதினோரு மாசம்.