சுருள்பாசிப் பொடியை அடுப்பிலிருந்து இறக்கிய பின் சேர்ப்போம்

ஸ்பைருலினா எனப்படும் சுருள்பாசியை மாத்திரையாக விழுங்குவதைவிட, பொடியாக அன்றாட உணவிலும் பானத்திலும் கலந்து உண்பதையே நான் விரும்புகிறேன். அதைத் தொடக்கத்திலிருந்தே உணவாகக் கொண்டவர்களும் அப்படித்தான் உண்டனர். மெக்சிகோவின் டெக்ஸ்கோகோ ஏரியில் மிதந்த பாசியை அஸ்டெக் மக்கள் வலையால் அள்ளி உலர்த்தி உண்டிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் சாட் ஏரிப் பகுதியில் வாழும் கானெம்பு இனப் பெண்கள் அதைச் சேகரித்து, நீரை வடித்து, வெயிலில் காயவைத்து, ‘திஹே’ என்னும் வில்லைகளாக்கிக் குழம்பில் கரைக்கிறார்கள்.

பொடியை வாங்கியவுடன் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது அளவைத்தான். பாதிக்கு மேல் புரதம் என்று உறையில் அச்சிடப்பட்டிருப்பது உண்மையே. 100 கிராம் உலர்ந்த பொடியில் ஏறத்தாழ 57 கிராம் புரதமும் 28 மில்லிகிராம் இரும்புச்சத்தும் உள்ளன. ஆனால் எவரும் ஒரு நாளில் 100 கிராம் உண்பதில்லை. ஒரு மேசைக்கரண்டிப் பொடி சுமார் 7 கிராம் எடையுள்ளது. அதிலிருந்து கிடைப்பது 4 கிராம் புரதமும் 2 மில்லிகிராம் இரும்புச்சத்தும்தான். நம்மில் பெரும்பாலோர் சேர்ப்பதோ ஒரு தேக்கரண்டி. அது தரும் புரதம் ஒரு முட்டையில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. ஆகவே, பருப்பையோ முட்டையையோ பாலையோ குறைத்துக்கொண்டு இதை நம்பியிருப்பது சரியன்று. ஏற்கெனவே நன்றாக இருக்கும் உணவோடு சிறிது கூடுதலாகச் சேர்வது என்ற அளவில் வைத்துக்கொண்டால், இது மிக அருமையான பொருள்.

சமைக்கும்போது கவனிக்க வேண்டியது வெப்பம். இப்பொடியின் கரும்பச்சைக்குள் ‘பைக்கோசயனின்’ என்னும் நீல நிறமி இருக்கிறது; ஆய்வாளர்கள் இதில் பெரிதும் ஆர்வம் காட்டுவது அதன்மீதுதான். ஏறத்தாழ 50 பாகை செல்சியஸைத் தாண்டிய சூட்டில் அது சிதையத் தொடங்கி, சூடு ஏற ஏற விரைவாக அழிகிறது. இரும்புச்சத்து வெப்பத்தால் அழிவதில்லை, புரதமும் உணவிலேயே தங்கிவிடுகிறது. எனவே மாவில் பிசைந்து சுட்ட ரொட்டி வீணாகிவிட்டது என்று வருந்த வேண்டியதில்லை, நிறம் மட்டும் மங்கிப் பழுப்பேறும். இருப்பினும், சூப்பாக இருந்தாலும் கஞ்சியாக இருந்தாலும், அடுப்பிலிருந்து இறக்கி, குடிக்கும் பக்குவத்திற்கு ஆறிய பின் கலப்பதே என் வழக்கம்.

பொடியை நேரடியாகக் குவளையில் கொட்டினால் அது மேலே மிதந்து கட்டி கட்டியாகத் திரளும். ஒரு கிண்ணத்தில் இரண்டு கரண்டி நீர் விட்டுப் பசைபோல் குழைத்துக்கொண்டு, பிறகு எஞ்சிய பானத்தைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பதே எளிய வழி. இதன் பாசி வாடையைத் தாங்கும் துணை எது என்று கேட்டால், தயங்காமல் நன்கு கனிந்த வாழைப்பழம் என்பேன். அன்னாசியும் மாம்பழமும் அடுத்த இடத்தில் நிற்கின்றன. இஞ்சித் துண்டும் புதினா இலையும் சேர்ந்தால் வாடை ஏறத்தாழ மறைந்துவிடும். வெறும் நீரும் வெறும் பாலும் இதற்குச் சற்றும் பொருந்தாதவை. எலுமிச்சைச் சாற்றில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு: கடும் புளிப்பில் நீல நிறமி திரிந்து அடியில் படியக்கூடும். ஆனால் எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவுவதால், அதைக் கைவிட எனக்கு மனமில்லை; கலக்கியவுடனே குடித்துவிடலாம். தேநீரும் காபியும் இரும்பை ஏற்பதைத் தடுப்பவை என்பதால், அவற்றை ஓரிரு மணிநேரம் தள்ளி வைத்துக்கொள்வது நல்லது.

உப்பிட்ட உணவிலும் இது நன்றாகவே சேரும். கெட்டித் தயிரில் பூண்டு, மிளகு, வறுத்த சீரகம் ஆகியவற்றோடு அரைத் தேக்கரண்டி கலந்து, வெள்ளரித் துண்டுகளைத் தொட்டு உண்ணலாம். புதிதாகத் தொடங்குவோருக்கு அந்த அரைத் தேக்கரண்டியே போதுமானது; அதற்கு மேல் போனால் நாக்கும் வயிறும் மறுக்கக்கூடும்.

சைவ உணவினருக்கு ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். சுருள்பாசியில் வைட்டமின் பி12 நிறைந்திருப்பதாகப் பலரும் நம்புகிறார்கள். அதில் பெரும்பகுதி நம் உடலால் பயன்படுத்த இயலாத போலி வடிவமே. அதை நம்பி உண்மையான பி12-ஐத் தவிர்த்தால் நரம்புகள் பாதிக்கப்படும் அபாயம் உண்டு.

புரதத்திலுள்ள பினைலலனைன் என்னும் கூறை உடலால் சிதைக்க இயலாத பினைல்கீட்டோனூரியா என்னும் பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் இப்பொடியைத் தொடவே கூடாது. உடலின் எதிர்ப்பாற்றல் அந்த உடலையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களும், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்பவர்களும், கருவுற்றிருப்பவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். தூய்மையற்ற நீரில் வளர்ந்தால், ‘மைக்ரோசிஸ்டின்’ என்னும் கல்லீரலைத் தாக்கும் நஞ்சை உருவாக்கும் வேறு பாசிகள் கலந்துவிடலாம். கன உலோகங்களும் சேரலாம். இந்த இரண்டுக்கும் சோதிக்கப்பட்டதாகக் குறிப்பிடும் பொடியையே நான் வாங்குகிறேன். வாங்கியதை ஒளி புகாத, காற்றுப் புகாத புட்டியில், ஈரக் கரண்டி படாமல் வைக்க வேண்டும். பச்சை வெளிறி, அழுகிய மீன் நாற்றம் எழுந்தால் தயங்காமல் கொட்டிவிட வேண்டும்.