மில்லியில் எழுதுங்கள்

காக்டெயில் குறிப்பு எழுதுகிறவர்களே, தயவுசெய்து மில்லியில் எழுதுங்கள்.

வேலூரில் ஓட்டல் பார் ஒன்றில் புதுப் பையன்களுக்குக் கலக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். 'ஒரு அவுன்ஸ்' என்றால் அமெரிக்கக் கணக்கில் 29.57 மில்லி, பிரிட்டிஷ் கணக்கில் 28.41. சரி, நம்ம சின்ன பெக் 30 மில்லிதானே, சமாளித்துவிடலாம். 'ஒரு பங்கு' என்றாலும் விகிதம் கெடாது.

'அரை எலுமிச்சை' என்பதுதான் பாடாய்ப் படுத்துகிறது. அக்னி வெயிலில் மார்க்கெட்டில் கிடைப்பது தோல் தடித்த காய், எவ்வளவு பிழிந்தாலும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். நல்ல பழம் கிடைக்கும் மாதங்களில் அதே அரைப் பழம் தாராளமாகச் சாறு விடும். ரம், எலுமிச்சை, சர்க்கரை சேர்த்துக் கலக்கும் டைக்கிரி காக்டெயிலுக்கு சர்வதேச பார்டெண்டர் சங்கத்தின் அளவு 60 மில்லி வெள்ளை ரம், 20 மில்லி எலுமிச்சைச் சாறு. அந்த 20-இல் 5 குறைந்தாலும் சர்க்கரை தூக்கலாகிவிடும், ரம்மும் நாக்கில் காரமாக நிற்கும். அதனால் சாற்றை முதலில் பிழிந்து வடிகட்டி, ஜிக்கர் என்ற அளவுக் கிண்ணத்தைக் கண் மட்டத்துக்குத் தூக்கி அளக்கப் பழக்குகிறேன். பையன்கள் அழகாகச் செய்கிறார்கள்.

அப்புறம் இந்த 'மேலே கொஞ்சம் சோடா'. எத்தனை மில்லி கிளாஸ் என்பதையாவது சேர்த்து எழுதுங்களேன்.