அப்பாயிக்கு ஒரு பிடி கல்லுப்பு

ஹப்புத்தளை டவுனின் தெற்கு ஓரத்தில், வானம் தெளிந்த காலையில் நின்று பார்த்தால், மலை சட்டென்று முடிந்துபோய் கீழே சமவெளி விரியும். அதன் கடைசி விளிம்பில் ஈரத்துணியால் துடைத்துவிட்டாற்போல ஒரு வெளிறிய கோடு. அதுதான் கடல் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். எங்கள் அப்பாயி மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். "கடலு இல்லடா, அது உப்பளம். நம்ம உப்பெல்லாம் அங்கருந்துதான் வருது" என்பார். இத்தனைக்கும் அவர் உப்பளங்கள் இருக்கிற அம்பாந்தோட்டைப் பக்கம் ஒருநாளும் போனதில்லை.

உப்பின் மீது அப்பாயிக்குத் தனி மரியாதை உண்டு. முப்பது வருடத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து பறித்தவர். மழைக்காலத்தில் மலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டிய படங்குக்குள் ஒரு சின்னத் துணி முடிச்சு இருக்கும். உள்ளே கல்லுப்பு. காலில் அட்டை ஏறினால் முடிச்சை நனைத்து ஒரு ஒத்து ஒத்துவார், அட்டை சுருண்டு விழும். போன மார்ச் மாதம் நாங்கள் தெற்குக் கடலோரத்தில் இருக்கிற புந்தல பூங்காவுக்குப் போகிறோம் என்றதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வெளையுற எடத்துலருந்தே ஒரு பிடி கல்லுப்பு கொண்டா."

மச்சானின் வான், முன்னால் மாமா, பின்னால் நானும் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும். விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினோம். ஹப்புத்தளை கிட்டத்தட்ட 1,400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. புந்தல கடல் மட்டத்தில். ஸ்வெட்டரோடு ஏறி, கொஸ்லந்தையில் அதைக் கழற்றி, வெல்லவாயவில் சட்டையின் மேல் பட்டனையும் கழற்றினோம். கொஸ்லந்தைக்குக் கிட்ட மீரியபெத்தைக்குத் திரும்பும் இடம் வந்தபோது மச்சான் தானாகவே ரேடியோவைக் குறைத்தார். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மண் சரிந்து தொழிலாளர்களின் லயன் வீடுகளை மூடிய தோட்டம் அது. கொஞ்ச தூரம் யாரும் பேசவில்லை.

தியலும நீர்வீழ்ச்சிக்கு எதிரே விடிந்தது. 220 மீற்றர் உயரம், ஆனால் மார்ச் மாதத்தில் மெலிந்துபோய் பாறையில் ஒட்டிக்கொண்டு இறங்குகிறது. கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டே மாமா அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "இது நம்ம பூனாகலைத் தண்ணிதான்." சரியாகத்தான் சொன்னார். பூனாகலை ஓயாதான் இங்கே விழுகிறது; குடா ஓயாவில் சேர்ந்து, கடைசியில் கிரிந்தி ஓயாவாகத் தெற்கே ஓடுகிறது. பயணம் முழுக்க இந்தத் தண்ணீரும் எங்களோடு வந்தது என்பது சாயங்காலம்தான் எனக்கு உறைத்தது.

தணமல்வில தாண்டியதும் பச்சை வற்றி முட்காடு தொடங்கியது. அப்புறம் திடீரென்று கண்ணுக்கெட்டிய தூரம் வயல். லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத்தின் புண்ணியம். 1980களில் கிரிந்தி ஓயாவை மறித்துக் கட்டியது. சிங்களத்தில் 'லுணு' என்றால் உப்பு. பெயரில் உப்பை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நல்ல தண்ணீர் பாய்ச்சுகிறது.

பூங்காவுக்குள் போவதற்கு முன்னாலேயே வழியில் ஒரு உவர்த்தரவையைப் பார்த்து இறங்கிவிட்டோம். இந்தப் பயணத்தில் எனக்கு மறக்காத இடம் அதுதான். பெயர்ப் பலகைகூட இல்லை. ஒரு பக்கம் உப்புப் பாத்திகளின் வரப்பு, மறுபக்கம் களப்பு, அதாவது கடலோர உவர்நீர் ஏரி, வற்றிப் பின்வாங்கிய வெளி. மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது. மாமா குனிந்து பார்த்து, "நுவரெலியாவுல தைமாசம் பனி விழுந்த மாதிரி இருக்கேப்பா" என்றார். அதேதான். தேயிலையைக் கருக்குகிற அந்த உறைபனி போலவே மெல்லிய, பொருக்கான வெள்ளை. மிதித்தால் பொரியை மிதிப்பதுபோல் நொறுங்குகிறது. ஒரே வித்தியாசம், இங்கே உச்சந்தலை வேகிறது.

வெள்ளைத் திட்டில் எதுவும் முளைப்பதில்லை. அதைத் தாண்டி நாலு அடி வைத்தால் உமரி. இலை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. கணுக்கணுவாகச் சதைப்பற்றான தண்டு, பச்சை மணிகளைக் கோத்துக் குத்தி வைத்தாற்போல. பழைய கணுக்கள் மட்டும் சிவந்திருந்தன. செடி உறிஞ்சிய உப்பு அவற்றில் சேர்ந்து, அப்புறம் காய்ந்து உதிர்ந்துவிடும். ஒரு நுனியைக் கிள்ளி வாயில் போட்டேன். முதலில் நீர் தெறித்தது, பின்னாலேயே உப்பு. மாங்காய்க்குத் தொட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. உமரிக்கும் அப்பால், தரை ஒரு விரற்கடை உயர்ந்தால் போதும், புல். இன்னும் கொஞ்சம் உயர்ந்தால் முட்புதர். எங்கள் ஊரில் ஆயிரம் அடி ஏறினால்தான் செடிகொடி மாறும். இங்கே கணுக்கால் உயரத்துக்குள் மூன்று உலகம்.

இதை ரசித்துக்கொண்டு நடந்ததில் ஈரம் காயாத ஒரு இடத்தில் வலது கால் முழங்கால் வரை போய்விட்டது. காலை எடுத்துவிட்டேன், செருப்பு வரவில்லை. மச்சான் குச்சியால் கிண்டி எடுத்துத் தந்தார். கறுப்புச் சேறு, அழுகிய முட்டை நாற்றம். வான் சீட்டில் அந்த வாசம் இன்னமும் இருக்கிறது என்று அக்கா சொல்கிறாள்.

செருப்பைக் கழுவும்போதுதான் அந்தக் குருவியைக் கவனித்தேன். எங்களுக்குப் பத்தடி முன்னால் ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டி ஓடியது. மச்சான் பதறிப்போய், "அடிபட்டிருச்சு போல" என்று பின்னாலேயே போனார். அது இன்னும் கொஞ்சம் நொண்டியது. மாமாதான் "டேய் நில்லு, அது நடிக்குது. முட்டை இருக்கும், கீழ பாரு" என்று கத்தினார். மச்சானின் காலிலிருந்து ஒரு முழம் தள்ளி, வெறும் தரையில் ஒரு சின்னப் பள்ளம். அதில் மூன்று முட்டைகள். மண் நிறத்தில், கறுப்புப் பேனாவால் யாரோ கிறுக்கிப் பார்த்ததுபோல. கூடு என்று ஒரு துரும்புகூட இல்லை. அவசரமாகப் பின்வாங்கி வானுக்குப் பக்கத்தில் வந்து நின்றோம். குருவியின் சிறகு உடனே சரியாகிவிட்டது. தண்ணீருக்கு ஓடிப்போய் வயிற்றை நனைத்துக்கொண்டு திரும்பி வந்து முட்டைமேல் உட்கார்ந்தது. அந்த வெயிலில் முட்டையைச் சூடாக்க வேண்டியதில்லை, வேகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இந்த வகைக்குத் தமிழில் உப்புக்கொத்தி என்று பெயர். யார் வைத்தாரோ, வாழ்க! இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இருக்கிற இந்த இனத்தை வெகுகாலம் வேறொரு இனத்தோடு சேர்த்தே எண்ணிக்கொண்டிருந்தார்கள். 2023இல்தான் தனி இனம் என்று பிரித்து, அனுமன் பெயரை வைத்தார்கள். எங்கள் மலையில் இறம்பொடையில் அனுமாருக்குப் பெரிய கோயிலே இருக்கிறது. அவர் பெயருள்ள குருவியோ இங்கே கடலோரச் சேற்றில் நொண்டி நாடகம் ஆடுகிறது.

ஜீப், டிக்கெட், வரிசை எல்லாம் எல்லாப் பூங்காவிலும் உள்ளதுதான். புந்தல 1969இல் சரணாலயமானது, 1993இல் தேசியப் பூங்கா. அதற்கு நடுவில் 1990இல் இலங்கையின் முதல் ராம்சார் ஈரநிலமாகவும், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாகவும் ஆனது. உள்ளே யானை பார்த்தோம், தூரத்தில். முதலை பார்த்தோம், கிட்டத்தில். இங்கே குளத்து முதலை, உவர்நீர் முதலை இரண்டும் உண்டு. நாங்கள் பார்த்தது எது என்பதில் மாமாவுக்கும் ஜீப் டிரைவருக்கும் நடந்த வாதம் இன்னும் முடிந்தபாடில்லை. வழியெல்லாம் சப்பாத்திக்கள்ளி. கூடவே இந்தியாவில் சீமைக் கருவேலம் என்பார்களே, அந்த முள். இரண்டும் வந்தேறிச் செடிகள். பறவைகள் நடமாடும் வெட்டவெளியைத் தின்றுகொண்டே போகின்றன.

களப்போரத்தில் ஜீப்பை நிறுத்தினார்கள். கரண்டிவாயன்கள் வரிசையாகத் தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு தண்ணீரைத் துழாவின. நெடுங்கால் உள்ளான்கள் சிவப்புக் குச்சியில் நின்றன. ஆனால் என் கண் போனது, சேற்று விளிம்பில் தையல் மிஷின் ஊசிபோல் குத்திக் குத்தி ஓடிய கொசு உள்ளான்களிடம்தான். ஒன்று முப்பது கிராம் தேறாது. அப்பாயி ஒரு கை வீச்சில் கிள்ளிக் கூடையில் போடும் கொழுந்து அதைவிடக் கனமாக இருக்கும். வட துருவத்தை ஒட்டிய சைபீரியாவிலிருந்து பறந்து வந்திருக்கிறது. இதற்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரை நிலம் கிடையாது, வெறும் கடல். இறங்குகிற கடைசிப் படி இந்தச் சேறுதான்.

பூநாரைதான் இல்லை. நான் வந்ததே அதற்காக என்று டிரைவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தான் சின்னப் பையனாக இருந்தபோது களப்பின் ஓரம் முழுக்க ரோஸ் நிறத்தில் இருக்கும் என்று சிங்களத்தில் சொன்னார். அது சும்மா பெருமைப் பேச்சு இல்லை; ஒரு காலத்தில் ஆயிரத்துக்கும் மேல் இங்கே கூடின. இப்போது ஏன் வருவதில்லை என்று கேட்டதற்கு அவர் கையை வடக்கே, நாங்கள் வந்த திசையில் நீட்டினார். "வத்துர" என்றார். தண்ணீர்.

பூநாரை தலையைக் கவிழ்த்துப் பிடித்து, உவர்நீரில் வளரும் சின்னச் சின்ன இறால் வகைகளையும் பாசியையும் வடிகட்டித் தின்னும். அதன் நிறமே அந்தத் தீனியிலிருந்து வருவதுதான். களப்பில் உப்பு உறைப்பாக இருந்தால்தான் தீனி. லுணுகம்வெஹெரவிலிருந்து வயலுக்குப் பாயும் தண்ணீரின் மிச்சம் எம்பிலிகல, மலல என்கிற இரண்டு களப்புகளிலும் வந்து வடிகிறது, கோடையிலும்கூட. உப்பு நீர்த்துப்போனது. தண்ணீர் ஏறி, நடக்கத் தோதான ஆழமும் போனது. உரம் வேறு கூடவே வருகிறது. வயலுக்கு வெள்ளம் ஏறினால் களப்புக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள மணல் திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுகிறார்கள். அப்போது களப்பு ஒரேயடியாக வடிந்துவிடுகிறது.

ஆக, காலையில் தியலுமவில் அண்ணாந்து பார்த்து, நம்ம தண்ணி என்று பெருமைப்பட்டோமே, அதுவும் இதில் சேர்த்தி. உழவர்மேல் எனக்குக் கோபமில்லை, அந்தச் சோற்றைத்தான் நாங்களும் சாப்பிடுகிறோம். ஆனால் நல்ல தண்ணீர் எங்கே போனாலும் நன்மைதான் என்று மலையில் பிறந்தவன் நினைத்துக்கொள்வது எவ்வளவு சுலபம்! மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் களப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ உப்புக்கும் ஒரு நியாயம் இருக்கு" என்றார்.

திரும்பும் வழியில், உப்பளத்துக்குக் கிட்ட ரோட்டோரக் கடை ஒன்றில் வானை நிறுத்தினோம். மாமா தானே வாங்கி வருகிறேன் என்று இறங்கி, கால் மணி நேரம் கழித்து ஒரு கிலோ சின்ன வெங்காயத்தோடு வந்தார். லுணு என்றால் உப்பு. கொஞ்சம் இழுத்து லூணு என்றால் வெங்காயம். எழுபது வருடம் இந்த நாட்டில் இருந்தும் அந்த ஒரு மாத்திரையில் சறுக்கிவிட்டார். மச்சான் போய் உப்பு வாங்கினார். புதிதாக வாரிய உப்பு, சாம்பல் படிந்த வெள்ளைக் கல், ஒவ்வொன்றும் கடலைப் பருப்பு அளவு. வெங்காயத்தை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

பெரகல ஏற்றத்தில் மறுபடி மூடுபனி, மறுபடி ஸ்வெட்டர். அப்பாயி தூங்காமல் இருந்தார். ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்து, "லேசா கசக்குதே" என்றார். கசக்கும். கடல் உப்பில் மக்னீசியமும் கலந்திருக்கும். வாரிய உப்பை மாதக்கணக்கில் குவித்து வைத்தால்தான் அது ஈரத்தோடு வடியும். காற்றில் உள்ள ஈரத்தை இழுப்பதும் அதுதான். இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் உப்பைப் போத்தலில் போட்டு மூடி, அடுப்புக்கு மேல் தட்டில் ஏற்றிவிட்டார்.

ஜூன் மாதம் தென்மேல் பருவமழை பிடித்துக்கொண்டது. நாலு நாளாக வீட்டுக்குள்ளேயே மேகம். ஒருநாள் குழம்பு வைக்கும்போது அப்பாயி போத்தலைக் கீழே இறக்கிப் பார்த்தார். அரைவாசிக் கல்லு தண்ணீராகி நின்றது. "ஊருக்குப் போகப் பாக்குது" என்றார். பிறகு அந்தத் தண்ணீரையே ஒரு கரண்டி எடுத்துக் குழம்பில் ஊற்றினார்.