அம்மாவின் நூல்கட்டைகளும் ஒன்பது ஞாயிறுகளும்

எங்கள் வீட்டில் நூலுக்குப் பஞ்சமில்லை. அம்மா முப்பது வருடமாகச் சாறிச் சட்டை தைக்கிறார். தையல் மெசினுக்குக் கீழே இரண்டு பெரிய பிஸ்கட் ரின். இரண்டும் நிறைய நூல்கட்டைகள். யாரோ ஒருவரின் சாறிக்குப் பொருத்தம் பார்த்து வாங்கி, ஒரு சட்டை தைத்து, மிச்சம் அப்படியே நின்றுபோனவை. கிளிப்பச்சை, மயில்கழுத்து, அரக்கு, மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ, வெங்காயச் சருகு. இந்தப் பெயர்களெல்லாம் அம்மா வைத்தவை. கடையில் இலக்கம்தான் சொல்வார்கள்.

போன வருடம் காப்ரியேல் டாவே என்பவரின் வேலைகளைப் போனில் பார்த்தபோது முதலில் அது ஏதோ வெளிச்ச வித்தை என்றுதான் நினைத்தேன். ஒரு மண்டபத்துக்கு நடுவில் வானவில் ஒன்று புகைபோல நிற்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் வெறும் தையல்நூல். மெக்சிகோவில் பிறந்து அமெரிக்காவின் டலஸ் நகரில் இருப்பவர். சின்ன வயதில் எம்பிராய்டரி பழக ஆசைப்பட்டிருக்கிறார்; ஆண் பிள்ளைக்கு எதற்கு என்று விடவில்லையாம். அவர் 2015இல் வாஷிங்டனில் உள்ள ரென்விக் கலைக்கூடத்தில் கட்டிய வானவில்லுக்கு மட்டும் ஏறத்தாழ 60 மைல் நூல் போயிருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து அந்த நூலைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கிளிநொச்சிக்குப் போய், திரும்பும் வழியில் பளை மட்டும் வரலாம்.

அப்படி ஒன்றைச் சின்னதாக நானும் கட்டிப் பார்க்க நினைத்தேன். எனக்கு இருந்தது கொக்குவில் வீட்டின் வெளியறை. பத்தடி அகலம். அப்பப்பா காலத்தில் புகையிலை வைத்த அறை; இப்போது பழைய சைக்கிளும் உடைந்த கதிரைகளும். தைப்பொங்கல் முடிந்த கிழமை அதை ஒதுக்கி, வெள்ளை அடித்துத் தொடங்கினேன்.

திட்டம் இதுதான். மேற்குச் சுவரில் எட்டடி உயரத்தில் நாலடி மரச்சட்டம் ஒன்று படுக்கையாக. எதிரே கிழக்குச் சுவரில் இன்னொரு நாலடிச் சட்டம், ஆனால் நட்டுக்குத்தாக. அரை அங்குலத்துக்கு ஓர் ஆணி, ஆக ஒரு சட்டத்துக்கு 97 ஆணி. மேலே முதலாம் ஆணியிலிருந்து எதிரே முதலாம் ஆணிக்கு, இரண்டிலிருந்து இரண்டுக்கு என்று நூலை இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு சட்டம் படுத்தும் மற்றது நின்றும் இருப்பதால், ஒவ்வொரு நூலும் நேர்கோடாக இருந்தாலும் எல்லாம் சேர்ந்த தளம் முறுகி வளையும், வாடத் தொடங்கிய வெற்றிலை மாதிரி. இப்படி நான்கு தளம். கணக்குப் பார்த்தால் ஒரு தளத்துக்கு 340 மீற்றர், நான்குக்கும் சேர்த்து 1360 மீற்றர். டாவேயின் கணக்குக்கு முன்னால் இது ஒரு தும்மல்.

முதல் ஞாயிறு முழுக்கச் சுவரோடு மல்லுக்கட்டினேன். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவர். துளையிட்டால் துளை நிற்காது, மா மாதிரிக் கொட்டும். றோல் பிளக் அடித்தால் கையால் இழுக்க வருகிறது. கடைசியில் சட்டத்தின் இரண்டு முனையிலும் நல்ல கல் அகப்பட்ட இடமாகப் பார்த்து இரண்டு ஸ்குரூ மட்டும் போட்டேன். இரண்டு போதும் என்று நினைத்தேன். நூல் தானே.

இரண்டாம் ஞாயிறு இன்னொரு பிரச்சினை. ஒவ்வொரு இழைக்கும் ஏணியில் ஏறி இறங்க முடியாது. பதினைந்து தரம் ஏறியதுமே முழங்கால் சொல்லிவிட்டது. அடுப்படிப் பக்கம் முருங்கைக்காய் பறிக்கிற கொக்கத்தடி கிடந்தது. அதன் முனையில் பழைய பேனைக் குழாய் ஒன்றை இறுக்கிக் கட்டி, அதற்குள்ளால் நூலைக் கோத்தேன். கீழே நின்றபடியே மேல் ஆணியைச் சுற்றி வர, குழாய் வழியாக நூல் தானாகக் கழன்று வந்தது. இந்த முழு வேலையிலும் நான் பெருமைப்படுகிற ஒரே கண்டுபிடிப்பு இதுதான். அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "முருங்கைக்காய் பிடுங்கத் தடி இல்லை, நீ உதில நூல் விளையாட்டு விளையாடு" என்றார்.

அன்று பின்னேரம் 61ஆம் ஆணியில் நூல் அறுந்தது. ஒரே நூலாகப் போய்வந்து கொண்டிருந்தபடியால் 60 இழையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொய்ந்து விழுந்தன. மூன்று மணித்தியால வேலை தரையில் சிவப்புக் கூந்தலாகக் கிடந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பத்தாம் ஆணியிலும் முடிச்சுப் போட்டேன். எங்கே அறுந்தாலும் பத்து இழையோடு போகட்டும்.

மூன்றாம் ஞாயிறு முதல் தளம் முடிந்தது. நான்காம் ஞாயிறு வந்து பார்த்தால் தொடக்கத்தில் கட்டிய இழைகள் எல்லாம் தொங்குகின்றன. ஆனால் ஒன்றுகூட அறவில்லை. கடைசியாகக் கட்டியவை கம்பி மாதிரி நிற்கின்றன. காற்றா, ஈரமா, நூல் மட்டமா என்று மண்டையைப் போட்டு உடைத்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஓடாவியார், தச்சு வேலை செய்பவர், வந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு சட்டத்தின் நீளத்துக்குப் பார்த்தார்.

"பிள்ளை, சட்டம் நடுவில வளைஞ்சு நிக்குது. நீ நூல் எண்டு நினைக்கிறாய். நூறு நூல் சேந்தால் அது கயிறு."

ஓர் இழையின் இழுவை 50 கிராம் என்று வைத்தாலும் 97 இழைக்கு ஏறத்தாழ ஐந்து கிலோ. முனைகளில் மட்டும் பிடித்த சட்டம் அந்தப் பாரத்துக்கு உள்நோக்கி வளைகிறது. சட்டம் வளைய வளைய முன்பு கட்டியவை தளர்கின்றன. அவரே அடுத்த நாள் வந்து சுவருக்குள் மரக்கட்டை இறுக்கி, ஓரடிக்கு ஒரு ஸ்குரூ போட்டுத் தந்தார். கூலி வேண்டாம் என்றார். அம்மா அவருடைய பேத்திக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார்.

இழுவையைச் சமமாக வைக்கிற வழியைக் காட்டியது பக்கத்து வளவுத் தம்பி. பொங்கலுக்கு வல்வெட்டித்துறைப் பட்டப் போட்டியில் நண்பர்களோடு சேர்ந்து பட்டம் ஏற்றியவன். அந்தப் போட்டியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்வது கடினம். கப்பல், பாம்பு, பறவை என்று ஆள் உயரத்தைத் தாண்டிய உருவங்கள் மூங்கிலும் ரிசு பேப்பரும் கட்டி வாடைக்காற்றில் கடற்கரைக்கு மேலே எழும்பும். கலைக்கூடத்தில் வைத்தால் சிற்பம் என்று எழுதுவார்கள். இங்கே பட்டம் என்கிறோம். அவன் வந்து இழைகளை விரலால் மெல்லச் சுண்டிப் பார்த்தான்.

"அக்கா, கண்ணால பாக்காதேங்கோ. காதால கேளுங்கோ. முச்சை கட்டேக்கையும், விண் கட்டேக்கையும் நாங்கள் உப்பிடித்தான்."

முச்சை என்பது பட்டத்தை ஏற்றுகிற நூலோடு இணைக்கிற கட்டு. பட்டத்தின் தலையில் கட்டுகிற விண் இரவெல்லாம் கூவுவதைக் கேட்டே வளர்ந்தவள் நான். ஆனால் எனக்கு இது தோன்றவில்லை. அதன் பிறகு ஒவ்வோர் இழையையும் கட்டியதும் சுண்டி, முந்தினதோடு சத்தம் ஒத்துப்போனால்தான் அடுத்ததுக்குப் போனேன். வேலையின் வேகம் பாதியாகக் குறைந்தது, ஆனால் தொய்வு போயிற்று.

ஐந்தாம் ஞாயிறைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நிறம் பற்றி நான் நினைத்திருந்தது எல்லாம் பிழை என்று தெரிந்த நாள் அது. இரண்டாம் தளத்தில் பச்சை வர வேண்டும். ரின்னில் பச்சை குறைவு, மஞ்சளும் நீலமும் தாராளம். சரி, மஞ்சள் ஒன்று நீலம் ஒன்றாக மாறி மாறிக் கட்டினால் தூரத்திலிருந்து பச்சையாகத் தெரியும், பள்ளிக்கூடத்தில் கலர்ப்பெட்டியோடு செய்தது தானே என்று கட்டினேன். முப்பது இழை கட்டி வாசலுக்கு வந்து திரும்பிப் பார்த்தால் பச்சை இல்லை. சாம்பல். மழைக்காலத்துக் கிணற்றடிச் சீமெந்து நிறம்.

பெயின்ற் கலக்கும்போது மஞ்சளும் நீலமும் ஆளுக்கொரு பங்கு வெளிச்சத்தை விழுங்குகின்றன. இரண்டும் விடுகிற பச்சை மட்டும் மிஞ்சுகிறது. நூல் அப்படி அல்ல. ஒவ்வோர் இழையும் தன் நிறத்தையே கண்ணுக்கு அனுப்புகிறது. தூரத்தில் கண் அவற்றைச் சராசரியாக்குகிறது. எதிரெதிர் நிறங்களின் சராசரி சாம்பல்தான். இது நூல்காரர்களுக்குப் பழைய தலையிடி. பாரிஸின் கோப்லான் நெசவாலையில் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக 1824இல் ஷெவ்ரூல் என்ற இரசாயன அறிஞரை வைத்தார்கள். கறுப்பு நூல் நன்றாகக் கறுக்கவில்லை என்று முறைப்பாடு. அவர் சாயத்தைச் சோதித்துப் பார்த்தார், சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் நெய்திருந்த நிறங்கள்தான் கறுப்பை வெளிறச் செய்தன. 1839இல் அதைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார்.

அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "இதுக்கு ஏன் பாரிசுக்குப் போறாய்? அரக்குச் சாறிக்குப் பச்சைக் கரை வைச்சால் அரக்கு எரியும். மண்நிறக் கரை வைச்சால் செத்துப்போகும்" என்றார். பிறகு தானே ரின்னைத் தரையில் கவிழ்த்துக் கட்டைகளை வரிசையாக அடுக்கினார். அரக்கு, குங்குமம், மாதுளை, செம்மஞ்சள், மாம்பழம், எலுமிச்சை, வாழைக்குருத்து, கிளிப்பச்சை, மயில்கழுத்து. ஒரு நிறத்திலிருந்து அடுத்ததுக்குப் போகும்போது ஐந்து இழைக்கு ஒன்று, பிறகு மூன்றுக்கு ஒன்று, பிறகு ஒன்றுவிட்டு ஒன்று என்று பக்கத்து நிறத்தை நுழைத்தேன். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று எனக்கே காட்ட முடியவில்லை.

ஆறாம் ஞாயிறு ஒன்றும் நடக்கவில்லை, ஒரு கலியாண வீடு. வீட்டுக்கு வந்தால் அண்ணாவின் மகள் வெளியறையின் வெள்ளைச் சுவரில் தன் அம்மாவின் ஒட்டுப்பொட்டு அட்டைகள் நாலைந்தை முடித்து வைத்திருக்கிறாள். ஐந்து வயது. "மாமி, மழை" என்றாள். மச்சாள் கை ஓங்கினார், நான் தடுத்தேன். 1929இல் பிறந்த யாயோய் குசாமா என்ற ஜப்பானியக் கலைஞர் 2002இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கலைக்கூடத்தில் செய்தது இதேதான். வீட்டு அறை மாதிரி ஒன்றை, கதிரை மேசை எல்லாம் உட்பட, முழு வெள்ளையாக வைத்துப் பிள்ளைகளிடம் வட்ட ஸ்ரிக்கர்களைக் கொடுத்துவிட்டார். கடைசியில் அறையே புள்ளிகளுக்குள் காணாமல் போனது. எங்கள் பொட்டு மழையையும் அப்படியே விட்டேன். நூல்தளம் அதன் மேல் நிழல் போடும்போது அது நான் திட்டமிட்ட எதையும் விட வடிவாக இருக்கிறது. இதை எழுதக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

ஏழு, எட்டு இரண்டும் மீதித் தளங்களுக்குப் போயின. அதில் சொல்ல ஒன்றுமில்லை. சுண்டு, கேள், முடிச்சுப் போடு.

ஒன்பதாம் ஞாயிறு இரவு பல்பைப் போட்டால் நீலம் முழுக்கச் செத்துக் கிடக்கிறது. மஞ்சள் வெளிச்ச பல்ப். ஓலாஃபர் எலியாசன் என்ற கலைஞர் 2003இல் லண்டன் ரேட் மொடர்னில் தொங்கவிட்ட பெரிய சூரியனின் விளக்குகள் ஒரே மஞ்சளை மட்டும் உமிழ்பவை. அதன் கீழ் நின்றவர்களுக்கு மஞ்சளும் கறுப்பும் தவிர வேறு நிறம் தெரியவில்லை. அவர் வேண்டுமென்று செய்தார், எனக்கு விபத்து. வெள்ளை எல்ஈடி மாற்றியதும் நீலம் எழும்பியது. ஆனாலும் காலை எட்டு மணிக்குக் கிழக்கு யன்னல் வெயில் சரிந்து வரும் இருபது நிமிடத்துக்கு எந்தப் பல்பும் கிட்ட வராது. அந்த நேரம் இழை தெரிவதில்லை. காற்றில் நிறம் மட்டும் நிற்கிறது. பக்கவாட்டில் ஓரடி நகர்ந்தால் முன்தளமும் பின்தளமும் ஒன்றையொன்று வெட்டி, தண்ணீரில் ஓடுகிற கோடு மாதிரி அலை ஒன்று நம்மோடு கூடவே நகர்கிறது. போட்டோவில் அது விழவில்லை. பத்துப் பன்னிரண்டு எடுத்து அழித்துவிட்டேன்.

பார்க்க வந்தவர்களில் ஓடாவியார் மட்டும் நூலைப் பார்க்கவில்லை, ஸ்குரூக்களைத்தான் பார்த்தார். பெரியம்மா ஒருவர், "உதில என்னத்தைக் காயப்போடுறது?" என்று கேட்டார். அவர்களுக்கு இன்னொரு நூல் வேலையைப் போனில் காட்டினேன். ஜப்பானியக் கலைஞர் சிஹாரு ஷியோட்டா 2015 வெனிஸ் கண்காட்சியில் செய்தது. ஜப்பான் அரங்கு முழுக்கச் சிவப்பு நூல் வலை. அதில் ஏறத்தாழ 50,000 பழைய திறப்புகள் தொங்குகின்றன. கீழே இரண்டு வள்ளம். பெரியம்மா போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். 1995 யுத்த இடப்பெயர்வில் பூட்டிவிட்டுப் போன வீட்டுத் திறப்பு இன்னும் தன்னுடைய அலுமாரியில் இருக்கிறதாம், வீடுதான் இல்லையாம். பிறகு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

போன வியாழன் வேலையால் வந்து வெளியறையைத் திறந்தால் முதல் தளத்தில், சிவப்புப் பகுதியில், ஓரிடம் தொய்ந்து கிடக்கிறது. பல்லியாக இருக்கும் என்று கிட்டப் போனால் கத்தரிக்கோலால் வெட்டிய வெட்டு. அம்மா தையல் மெசினில் இருந்து தலை நிமிராமலே சொன்னார்:

"அவசரமாய் ஒரு சட்டைக்குக் கொக்கி வைக்கவேண்டியிருந்தது. அந்தக் குங்குமம் வேற கட்டையில இல்லை. ஒரு முழம்தான் எடுத்தனான்."

பத்துக்குப் பத்து முடிச்சுப் போட்டிருந்தபடியால் தொய்ந்தது பத்து இழை மட்டும். ரவுணில் மூன்று கடை ஏறி இறங்கியும் அந்தச் சிவப்புக் கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு சொட்டு மங்கல். ஞாயிறு அதைத்தான் கட்டப் போகிறேன்.